மைக்ரான் வைத்த இமை

அவள் அழவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவள் முகத்தைப் பார்த்த யாரும் இதை நம்பியதில்லை.

நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு நோய் வந்து, இமை முடிகளை ஒன்றுவிடாமல் உதிர்த்துவிட்டுப் போனது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, யாருக்கும் தொற்றவும் தொற்றாது. "உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று மருத்துவரும் கையை விரித்துவிட்டார். ஆனால் முடியில்லாத கண் விளிம்பு எப்போதும் லேசாகச் சிவந்திருந்தது. பார்ப்பவர்களுக்கு அவள் விடிய விடிய அழுதவள் போலத் தெரிந்தாள். பால் போடுகிறவர் முதல் பேருந்து நடத்துனர் வரை குரலைத் தாழ்த்தி, "என்னம்மா, வீட்ல ஏதாச்சும்...?" என்று இழுப்பார்கள். அனுதாபம் ஓசிதானே, அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள்.

தொழிற்சாலையில் அவளுக்கு மைக்ரான் என்று பெயர். இருபது வருடமாக கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிறாள். மெஷினில் ஒரு காந்த மேசை உண்டு. அதன்மேல் இரும்புத் துண்டை வைத்து விசையைத் தட்டினால் கப்பென்று கவ்விக்கொள்ளும். மேலே சுழலும் கல் அதைத் தேய்க்கும். தலைமுடி கனத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் துண்டு குப்பைக்குத்தான். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவள் கையில் பிசகியதில்லை, அதனால் வந்த பட்டப்பெயர் அது.

அப்படிப்பட்டவளுக்குப் போன வருடம் ஷிஃப்ட் சூப்பர்வைசர் பதவி கை நழுவிப் போனது. நேர்காணலில் மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்தார், பேனாவை மூடினார். "உங்களுக்கு ஏற்கெனவே நிறைய மனக்கஷ்டம் போல இருக்கு. இந்த நேரத்துல பொறுப்பு வேற எதுக்கும்மா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் மனசார நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருக்கலாம். எழுந்து வெளியே வந்தாள். பதவி, அளவுகோலைத் தலைகீழாகப் பிடிக்கும் ஒரு புண்ணியவானுக்குப் போனது.

அந்தப் புண்ணியவான் வேறு ஊருக்கு மாறிப்போனதில் இந்த வருடம் இடம் மறுபடி காலியானது. வியாழக்கிழமை நேர்காணல். "இந்தத் தடவை என் கண்ணைப் பத்தி ஒருத்தர் வாயத் திறக்கக் கூடாது" என்று ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் அறிவித்தாள்.

அழகுசாதனக் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் ஒரு சின்ன டப்பாவை நீட்டினாள். உள்ளே இரண்டு ஜோடி பொய் இமைகள், ஒரு குட்டிப் புட்டியில் மை. "பசையெல்லாம் கிடையாது அண்ணி. இமையில காந்தம் இருக்கு, மையில இரும்பு இருக்கு. கண் விளிம்புல கோடு போட்டு இமையைக் கிட்ட கொண்டு போனா தானா ஒட்டிக்கும்."

காந்தம் என்றதும் மைக்ரானுக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடமாக அவளுக்குச் சோறு போடுவதே காந்தம்தான். இதென்ன பிரமாதம்?

பிரமாதம்தான் என்பது பத்து நிமிடத்தில் புரிந்தது. பவுடரையும் கிரீமையும் தவிர வேறெதையும் பூசி அறியாத கை. கோடு கண்ணில் புறப்பட்டு காதைப் பார்க்கப் போனது. முதல் இமை, மை சிந்திய கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது விரலிலிருந்து தாவி முதலாவதைக் கட்டிப்பிடித்தது. ஒருவழியாக இரண்டையும் கண்ணில் ஏற்றி எழுந்து நின்றாள். ஒன்று கழன்று, தபால் பிரிக்கும் வேலைக்கு விடுமுறை என்று உட்கார்ந்திருந்த புருஷனின் தேநீரில் விழுந்தது.

"ஐயையோ, கம்பளிப்பூச்சி!"

"பூச்சி இல்ல, என் கண்ணு. எடுத்துக் குடுங்க."

"வலதா, இடதா?"

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மைக்ரானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அண்ணனையும் தங்கையையும் விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமையும் அதே கூத்து. செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் பழகலாம் என்று ஒரு ஜோடியை வீட்டில் விட்டுவிட்டு, மற்றதை டப்பாவோடு தொழிற்சாலைக்கே எடுத்துப் போனாள், போனவள் அதை மெஷின் பக்கத்தில் திறந்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இமைகளுக்குத் தாடி முளைத்திருந்தது. பறந்த இரும்புத் தூள் முழுவதும் காந்தத்தில் அப்பிக்கொண்டிருந்தது. இதைக் கண்ணில் வைத்தால் கதை முடிந்தது. அந்த ஜோடியைக் குப்பையில் போட்டுவிட்டு, தன் மடத்தனத்தைத் தானே திட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். மேசையைத் துணியால் துடைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கு, ஈரம், தூசி எதுவும் இல்லை என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். மேசை சுத்தமாக இல்லையென்றால் காந்தம் சரியாகப் பிடிக்காது, துண்டு பறந்துவிடும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை செய்கிற காரியம்தான். அன்றைக்கு மட்டும் கை பாதியில் நின்றது. வீட்டில் இரண்டு நாளாக அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? முகம் முழுக்க கிரீம் பூசி, அதன்மேல் மை போட்டு, அது காய்வதற்குள் இமையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள்!

மாலையில் வீட்டுக்குப் போனதும் மீதமிருந்த ஜோடியை வெளியே எடுத்தாள். முகத்தைக் கழுவி, இமையை ஒட்டத் துடைத்தாள். கிரீமுக்கு விடுமுறை. ஒரு கோடு, காயும்வரை காத்திருப்பு. இன்னொரு கோடு, மறுபடி காத்திருப்பு. மூன்றாவது கோடு. கண்ணருகே இரும்பைக் கொண்டுபோக அவளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, அதனால் கண்ணின் நீளத்தை நூலால் அளந்து அந்த நூலை வெர்னியர் அளவுகோலில் வைத்தாள். கண் இருபத்தேழு மில்லிமீட்டர், இமை முப்பத்தொன்று. சும்மாவா முனை தூக்கிக்கொண்டு நின்றது! வெளி ஓரத்தில் நாலு மில்லிமீட்டரை நறுக்கிவிட்டு, நடுவை முதலில் வைத்தாள்.

டக்.

தலையை ஆட்டினாள், குனிந்தாள், நின்ற இடத்தில் குதித்தாள். அசையவில்லை. கண்ணாடியில் தெரிந்த பெண்ணை அவளுக்கு ரொம்பப் பிடித்தது. கேலி செய்யத் தயாராக வந்த புருஷன் வாசலிலேயே நின்றுவிட்டார். "நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கே" என்றார் கடைசியில். முடி உதிர்ந்த இந்த நாலு வருடத்தில் அவள் கேட்ட மிக நல்ல வார்த்தை அதுதான். புதன்கிழமை மாலை பத்துத் தடவை கழற்றி வைத்துப் பழகினாள், கடைசி நாலு தடவை கண்ணாடியே பார்க்கவில்லை.

வியாழக்கிழமை அறையில் மேனேஜரோடு புதிதாக வந்திருந்த தலைமைப் பொறியாளரும் இருந்தார், நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. மைக்ரான் உட்கார்ந்ததுமே மேனேஜரின் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா, முகமே தெளிஞ்சுபோச்சே! வீட்டுப் பிரச்சனையெல்லாம் தீர்ந்துடுச்சு போல. ரொம்ப சந்தோஷம்மா. இந்தத் தடவை தாராளமா யோசிக்கலாம்."

தலையாட்டினால் போதும், பதவி மடியில் விழும். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் இருபது வருட வேலை இவர் கண்ணில் படவில்லை, இருபத்தேழு மில்லிமீட்டர் பொய் முடி பட்டுவிட்டதா?

"எங்க வீட்ல போன வருஷமும் பிரச்சனை இல்ல சார், இப்பவும் இல்ல." வலது கண்ணின் ஓரத்தில் விரலை வைத்து இமையை உரித்து மேசைமேல் வைத்தாள். அது பக்கத்தில் கிடந்த பேப்பர் கிளிப்பை விருட்டென்று இழுத்துக்கொண்டது. "நோய்ல முடி கொட்டிடுச்சு. கண்ணு எப்பவும் இப்படித்தான் இருக்கும். நான் அழல. அன்னைக்கு நீங்க என் வேலையப் பத்தி ஒரு கேள்வி கேக்கல. இன்னைக்குக் கேளுங்க."

மேனேஜர் ஒரு கண்ணைப் பார்த்தார், மறு கண்ணைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். "தப்புதான்மா" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

பொறியாளர் முன்னால் சாய்ந்தார். "அதை மறுபடி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு செகண்ட், மேடம்."

"கண்ணாடி?"

"வேண்டாம்."

கிளிப்பைப் பிரித்தாள், காந்தத்தை விரலால் தடவிப் பார்த்தாள், வைத்தாள். பொறியாளர் கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "நாலு" என்றார்.

அதன்பிறகு முக்கால் மணி நேரம் கேள்விகள். எந்த மெஷினில் கழிவு அதிகம், ஏன், யாரை எங்கே மாற்றினால் குறையும் என்று எல்லாம் கேட்டார்கள். அதிகம் கேட்டவர் மேனேஜர்தான், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டவரும் அவர்தான். கடைசியில் பொறியாளர் அவரைப் பார்க்க, அவர் தலையசைத்தார்.

"எப்ப பொறுப்பு எடுத்துக்கிறீங்க?"

"திங்கக்கிழமை ஆறு மணி ஷிஃப்ட், மேடம்."

எழுந்து கதவுவரை போனவள் திரும்பினாள். "அஞ்சே முக்காலுக்கு எல்லாரும் மெஷின்கிட்ட நிக்கணும்னு இன்னைக்கே சொல்லி வச்சிடுங்க சார்" என்று மேனேஜருக்கே முதல் உத்தரவைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.