நிற்கிற வண்டிக்கு பிளக்

எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கு எல்லா வண்டிகளும் ஒன்றாக ஸ்டார்ட் ஆகும். ஐந்து நிமிடம் உறுமும். பிறகு ஒவ்வொன்றாக அணையும். ஒன்றுகூடத் தெருவை விட்டுப் போகாது. ஊரிலிருந்து வந்து தங்கிய என் மச்சான் முதல் நாள் இதைக் கேட்டுவிட்டு, ஏதோ கட்சி ஊர்வலம் கிளம்புகிறது என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

எண்ணூர் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு அது. சில வருடங்களுக்கு முன் ஒரு மாலையில் காற்றில் ஒரு வாடை வந்தது. மூக்குக்குள் ஊசி ஏறியது போல இருந்தது. எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று கடைசி வரை யாரும் சொல்லவில்லை. அன்று தெருவே ஓடியது. வண்டியைத் திருப்ப முடியாமல் பாதிப் பேர் மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் வண்டிகளை மெயின் ரோட்டைப் பார்த்தே நிறுத்துகிறோம். காலையில் ஒரு தரம் ஸ்டார்ட் செய்து பார்க்கிறோம். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, அதுவாகப் பழக்கமாகிவிட்டது.

அந்த மாலையில் என் மனைவியைக் காரின் பின் சீட்டில் உட்கார வைத்து, மருந்துப் பையை மடியில் கொடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. ஏழு தரம் திருப்பினேன். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, வாயில் ஈரத்துணி, கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எட்டாவது தரம் பிடித்தது. தண்டையார்பேட்டையில் அவள் அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினோம். அன்றிலிருந்து அவளுக்கு வீசிங். எனக்கு அந்த ஏழு தரம். இன்னொரு முறை வாடை வந்தால் முதல் திருப்பலிலேயே வண்டி கிளம்ப வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஸ்டார்ட் செய்ய மட்டும் சொல்லிக் கொடுத்தேன். "நான் வேலைல இருக்கசொல வாடை வந்துச்சின்னா, ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டு பின்னாடி ஏறி உக்காந்துக்க. நான் ஓடியாந்துடுவேன்" என்றேன். நான் வேலை செய்யும் கன்டெய்னர் யார்டு பத்து நிமிட நடை. சாவி வாசற்படிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும்.

போன வருடக் கடைசியில் பெட்ரோல் குறைய ஆரம்பித்தது. போட்ட கணக்குக்கும் முள் காட்டுவதற்கும் ஒத்துவரவில்லை. எதிர் வீட்டு ஆட்டோக்காரர் மேல் எனக்குச் சந்தேகம். வாயைத் திறந்து கேட்கத் துணிச்சல் இல்லாமல், அவர் பார்க்கும்போதே பெட்ரோல் மூடிக்குப் பூட்டு மாட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதோடு பேச்சு நின்றது. பெட்ரோல் குறைவது மட்டும் நிற்கவில்லை.

வேலை முடிந்து வரும்போது பானட்டில் கை வைத்தால் சுடும். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மார்கழியிலும் சுட்டது. ஒரு நாள் பின் கண்ணாடியின் உட்பக்கம் ஒரு கை பதிந்திருந்தது, ஐந்து விரலும் தெளிவாக. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. யார்டில் பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டால்கூட நான் முதலில் சீல் நம்பரைத்தான் பார்ப்பேன். ஆனாலும் அந்தக் கையைத் துடைக்கும்போது பயந்தேன். துடைத்தேனே தவிர, அது யார் கை என்று வீட்டில் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

பங்குனியில் வண்டி திணற ஆரம்பித்தது. ஒரு நாள் லீவு போட்டு, காலை ஸ்டார்ட் முடிந்ததும் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பேப்பரில் சுருட்டிக்கொண்டேன். மனைவி மீன் வாங்கப் போயிருந்தாள். லீவையும் சொல்லவில்லை, பிளக்கையும் சொல்லவில்லை. என் வண்டி, என் பிளக், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று தண்டையார்பேட்டைக்கு பஸ் ஏறினேன். இரண்டு இடங்களில் வேறு வேலைகளை முடித்துக்கொண்டு கடைக்குப் போகும்போது மணி ஒன்றரை.

கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கம். இங்கே வந்து முப்பது வருடமாகியும் பேச்சு மாறவில்லை, எல்லோருக்கும் அண்ணாச்சி. பழைய பிளக்கைப் பார்க்காமல் புதியதை எடுத்துக் கொடுக்க மாட்டார். நாலையும் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தார். நாலின் நுனியிலும் பொசுபொசுவென்று கரி.

"மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

"எட்டு மாசம்."

"எங்க ஓட்டுதீங்க?"

"மாசத்துக்கு ரெண்டு தரம் பாரிமுனை. மத்தபடி தெனிக்கும் காலைல அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெப்பேன்."

அவர் நகத்தால் சுரண்டினார். கரி கண்ணாடி மேசை மேல் உதிர்ந்தது. "அஞ்சு நிமிசத்துக்கு இவ்வளவு ஏறாது சார். இந்த வண்டி தெனமும் மணிக்கணக்கா நின்ன எடத்துலயே ஓடியிருக்கு."

"யாரு ஓட்டுனா?"

"அத எங்கிட்ட கேட்டா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். இரண்டு வகை பிளக்கை எடுத்துவைத்தார். "இது சீக்கிரம் சூடாகுற வகை. நின்னுக்கிட்டே ஓடுனா ஏறுற கரிய அதுவே எரிச்சிரும். ஆனா வேகமா, தூரமாப் போனா சூடு தாங்காது, எஞ்சினுக்கே ஆபத்து. இன்னொண்ணு உங்க வண்டிக்குன்னு உள்ள நம்பர். ஓட்டுனாத்தான் அது சுத்தமா இருக்கும். உங்களுக்கு எது? நிக்கிற வண்டிக்கா, ஓடுற வண்டிக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. என் வண்டியை நிற்கிற வண்டி என்று இவர் எப்படிச் சொல்லலாம்? "ஓடுற வண்டிக்கு" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தெருவுக்குள் திரும்பும்போது மூன்றே கால். எதிர் வீட்டு ஆட்டோக்காரர் என் காரின் பின் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். "அண்ணி, கதவத் தொறங்க அண்ணி."

முன் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. சாவி வண்டியிலேயே இருந்தது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. பின் சீட்டில் என் மனைவி, எல்லாக் கண்ணாடியும் ஏற்றிவிட்டு, மடியில் மருந்துப் பையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நைட்டி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாயில் ஈரத்துணி. கண் இரண்டும் டிரைவர் சீட்டுக்கு மேலிருக்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தன, அந்த மாலையில் என் முகம் தெரிந்த அதே இடத்தை.

"தெனிக்கும் இந்நேரம் வண்டி ஓடிகினு இருக்கும்ணா" என்றார் ஆட்டோக்காரர். "இன்னிக்கி கொஞ்ச நேரம் கரகரன்னு சுத்திச்சி, அப்பால சத்தமே இல்ல. அதான் வந்து பாத்தேன்."

இருவருமாக அவளை வெளியே தூக்கி நிழலில் உட்காரவைத்தோம். இன்ஹேலரை இரண்டு தரம் இழுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

"ஸ்டார்ட் ஆவல" என்றாள். "அன்னிக்கி மாதிரியே ஆவல. நீயும் வர்ல."

அது ஸ்டார்ட் ஆவதற்கு வேண்டிய பிளக் என் சட்டைப் பையில் இருந்தது. நான் செத்துப்போயிருக்கலாம் என்று தோன்றியது, வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"எதுக்கு உக்காந்த?"

"வாடை வந்துச்சி. நீதான சொன்ன, ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டு உக்காருன்னு."

"தெனிக்குமா வருது?"

"தெனிக்கும் மூணு மணிக்கு வருது. நாலரைக்குப் பூடும். எறங்கிடுவேன்."

"ஞாயித்துக்கெழம?"

"அன்னிக்கி நீ வூட்ல தூங்கிகினு இருப்ப. நீ இருந்தா எனக்கு பயம் இல்ல."

நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். மீன் வாடை, சாக்கடை, தூரத்தில் கப்பல் எண்ணெய். எங்கள் தெருவின் வழக்கமான காற்று. அவளுடைய வாடை அதில் எங்குமே இல்லை. பாவம், அந்த மாலை அவள் தலைக்குள் உட்கார்ந்துவிட்டது என்று முடிவு செய்தேன். ஆட்டோக்காரரிடம் மட்டும் கை எடுத்துக் கும்பிட்டேன். எதற்கென்று அவரும் கேட்கவில்லை.

அன்று மாலையே திரும்ப அண்ணாச்சி கடைக்குப் போய்ப் பிரிக்காத பெட்டியை மேசையில் வைத்தேன்.

"மாத்திக் குடுங்க. நிக்கிற வண்டிதான்."

"தூரம் போக மாட்டீங்களே?"

"எங்கயும் போகாது அண்ணாச்சி. ஒரு ஆள் உள்ள உக்காரணும், அவ்ளோதான்."

அவர் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததுமே மாட்டினேன். முதல் திருப்பலிலேயே பிடித்தது. தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது. அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பல மாதத்துக்குப் பிறகு அன்று அவள் முகத்தில் தெளிவைப் பார்த்தேன். மனைவியைப் புரிந்துகொண்ட ஆள் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் நான் தூங்கவில்லை. மூன்று மணிக்கு முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து, ஏசி போட்டு, அவளைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு முன்னால் ஏறினேன். கொஞ்ச நேரம் அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "முன்னாடி ஆள் இல்லாத வண்டில உக்காந்து உக்காந்து வாடையவிட அதான் பேஜாரா இருந்துச்சி" என்றாள். சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். மருந்துப் பை மடியிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. எழுப்பாமல் விட்டேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. எப்போதும் குப்பைத் தொட்டி அருகில் படுத்துக்கிடக்கும் நாய்களையும் காணவில்லை.

மூன்று பத்து இருக்கும். மூக்கின் நுனியில் மெல்லிசாக ஏதோ குத்தியது. ஏசியை அணைத்தேன். குத்தல் நின்றது. கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

என் தலைக்குள்ளும் அது உட்கார்ந்துவிட்டதாக இருக்கக் கூடாதா என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். அப்போது எதிர் வீட்டில் ஆட்டோ ஸ்டார்ட் ஆனது. ஆட்டோக்காரர் மனைவி வாயில் முந்தானையோடு ஓடிவந்து ஏறினாள். பின்னாலேயே இன்னொரு வண்டி, இன்னொன்று. காலை ஆறு மணி போலத் தெரு முழுக்க உறுமியது. இந்த முறை ஒன்றும் அணையவில்லை.

அவள் கண் திறக்காமலே கேட்டாள். "வந்துடுச்சா?"

"வந்துடுச்சி" என்றேன், முதல் முறையாக.

நிற்பதற்காகப் பிளக் மாட்டிய வண்டியில் கியரைப் போட்டேன்.