ரக்பி ஆட்டத்துக்கு முன் எண்ணெய்க் குளியல்

மகள் ஆடும் பெண்கள் ரக்பி போட்டிக்காகத் திருவேங்கடத்திலிருந்து தென்காசி போயிருந்தோம். மதியம்தான் ஆட்டம். காலையில் என் கணவர், “ஏட்டி, சீசன்ல இங்கன வந்துட்டு யாராவது குற்றாலத்துல குளிக்காமப் போவாவளா?” என்று நல்லெண்ணெய் பாட்டிலை நீட்டினார். நானும் புத்தியில்லாமல் மகளுக்குத் தலைமுதல் கால்வரை தேய்த்துவிட்டேன். அருவியில் அத்தனை கூட்டம். இரண்டு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. எண்ணெய் அப்படியே இருந்தது.

ஆட்டத்தில் பந்தோடு ஓடிய அவளைப் பிடிக்க வந்த பெண்களெல்லாம் வழுக்கி விழ, நடுவர் விசில் ஊதி, “வேணும்னே எண்ணெய் தேய்ச்சிருக்கியா? வெளியே போ!” என்றார். அழுகிற பிள்ளையைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்து, நடுவரிடம் கெஞ்சி மறுபடி இறக்கினேன்.

என் கணவரோ, “அருவியில இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம்லா?” என்கிறார்!

இப்போதெல்லாம் வெளியூர் ஆட்டத்துக்குக் கிளம்பும்போது மகள் பையை அவளே பார்த்துக்கொள்கிறாள். நான் சோதிப்பது அவர் பையை.