ஆடியில் மட்டும் காட்டும் கனடா

எழுபதுகளில், திருகோணமலையில் குடியேற நினைத்த வெளிநாட்டுக் கப்பல் பொறியியலாளர் ஒருவர், "எந்த மாதம் வந்து பார்க்கலாம் மாஸ்டர்?" என்று கேட்டார். "கார்த்திகையில் வாங்கோ" என்றேன். அடைமழையையும் கொந்தளிக்கும் கடலையும் பார்த்துவிட்டுத்தான் வீடு எடுத்தார்.

இன்று குச்சவெளி பஸ்ஸில், என்னோடு படிப்பித்த பத்மா ரீச்சர் சொன்னார்: "கனடாவில இருக்கிற மகன், என்னை ஆடியில வந்து அந்த ஊரைப் பார்க்கச் சொல்லுறான். பிடிச்சால் லிங்கநகர் வீட்டை வித்திட்டு அங்கேயே இருக்கட்டாம்."

"தையில போங்கோவன்."

"கேட்டனான். ஏலாது எண்டிட்டான். பனியைக் கண்டால் நான் வீட்டை விக்கமாட்டனாம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒழுகும் வீட்டைக் கோடையில் காட்டி விற்கும் தரகனுக்கும் இந்த மகனுக்கும் என்ன வித்தியாசம்?

உங்களையும் பிள்ளைகள் ஆடியில் கூப்பிட்டால், தை மாதத்துக்கு டிக்கெட் கேட்டுப் பாருங்கள்.