மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போனேன்

1991 ஜூன், ஒரு திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்குச் சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் நானும் என் மகள் மலரும் பஸ் ஏறினோம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, ஆங்கில இலக்கியம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பென்னலூருக்கு அப்பால் பெண்கள் கலைக் கல்லூரி ஒன்று, ஹாஸ்டலும் உண்டு என்றார்கள். மூன்று வருஷம் பிள்ளையை விட்டுவைக்கப் போகிற இடம். அங்கே பழக்கவழக்கம் எப்படி என்று என் கண்ணால் பார்க்காமல் சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் அரசாங்கக் கிராம நர்ஸ். வீடு ஊருக்கு வெளியே, காலனியில். ஊர்த்தெரு, காலனி என்று பார்க்காமல் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் ஊசி போட்ட கை இது. 'காலனி நர்சம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் கேட்டாலும் நானும் அப்படித்தான் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கண்டக்டர் தெரிந்தவர். "இன்னா நர்சம்மா, பொண்ண காலேஜ்ல சேக்கப் போறியா? டைப்ரைட்டிங் படிக்க வெச்சா மறைமலை நகர்ல கம்பெனி வேல கீதே!"

"அவ இன்னா கேக்கறாளோ அதான் படிப்பா. நீ டிக்கெட்டக் கிழி" என்றேன்.

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கி, சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்தோம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போல இருக்கும். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். வழியெல்லாம் ஏரியும் வயலும்தான். அங்கிருந்து மெட்ராஸ் பஸ்ஸில் பென்னலூர், பிறகு மண் ரோட்டில் ஒரு மைல் நடை. கல்லூரி வாசலை அடையும்போது மணி பத்து; தலைவரைக்கும் புழுதி.

குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். கிடைக்கவில்லையே! வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "நீங்க சொல்றத ஒத்துக்க முடியல மேடம்" என்கிறாள். அந்த டீச்சர் சிரித்துக்கொண்டே, "ஏன், சொல்லு பாப்போம்" என்கிறார். எங்கள் காலத்தில் பிரம்பு பறந்திருக்கும். நூலகத்தைவிட்டு மலரை நகர்த்த முடியவில்லை. "அம்மா, இவ்ளோவும் எடுத்துப் படிக்கலாமாம்மா?" என்றாள். அப்போதே மனசுக்குள் சேர்த்துவிட்டேன்.

ஹாஸ்டலைக் காட்ட மூன்றாம் வருஷத்துப் பெண் ஒருத்தி வந்தாள். காஞ்சிபுரம் பக்கம், தங்கமான பிள்ளை. மலரின் தோளில் கை போட்டுக்கொண்டே நடந்தவள், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று, காப்பியா டீயா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்: "நீ ஊரா, காலனியா?"

"எதுக்கும்மா அது?" என்றேன்.

"ரூம் சொல்றதுக்குத்தாம்மா. இந்த வரிசையெல்லாம் ஊர்ப் பொண்ணுங்க. காலனிப் பொண்ணுங்க கடைசி ரெண்டு ரூம். சாப்பிடறதும் அப்டித்தான். யாரும் சட்டம் போடல, அவங்கவங்களே ஒக்காந்துப்பாங்க. சண்டையே வராது."

வாயைத் திறந்தேன். அதற்குள் மலர், "ஊருதான்க்கா" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், ஒரு தடுமாற்றம் இல்லை.

"அப்ப என் ரூமுக்கே வந்துடு!" என்று அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டாள்.

அட கடவுளே! எத்தனையோ பிரசவம் பார்த்தவள் நான், ஒரு பொய் இவ்வளவு சுலபமாகப் பிறந்து பார்த்ததில்லை. கல்லூரி கொடுத்த அதிர்ச்சி பாதி என்றால், என் வயிற்றில் பிறந்தது கொடுத்தது மீதி.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "எங்கடி கத்துக்கிட்ட?"

"படப்பை டியூஷன்ல சேந்தப்பவே. ரெண்டு வருஷமா அப்டித்தாம்மா சொல்றேன்."

"அந்தக் கடைசி ரூம் புள்ளைங்களுக்கு இன்னாடி கொறச்சல்? இந்தக் காலேஜே வாணாம்."

"ஒரு கொறச்சலும் இல்லம்மா. எங்க போனாலும் கேப்பாங்க. இங்க லைப்ரரியாவது இருக்கு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரகடம் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "என்னைப் பாக்க ஹாஸ்டலுக்கு வராதம்மா. மாசாமாசம் நானே வந்துடறேன்."

"ஏன்?"

"யாராவது கேட்டா நீ சொல்லிடுவ."

கோபம் ஆறவில்லை; ஆனால் அந்த நூலகத்தில் அவள் நின்ற நிலையை நினைத்து, சேர்க்கை ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் அதே வழியாகப் பெட்டியோடு போனோம். அந்தக் காஞ்சிபுரத்துப் பெண் வாசலுக்கே ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். "உள்ள வாங்கம்மா, சாப்ட்டுட்டுப் போலாம்" என்று என் கையைப் பிடித்தாள். மலர் என் முகத்தையே பார்த்தாள்.

"இல்லம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.