கிழக்குப் பாதியைத் திறந்துவிட்ட ஐப்பசி

அறுபதுகளில் நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் மேய்ச்சல் வெளியைப் பார்த்தவர்கள், "இன்னாம்மா, ஒரு மரங்கூட இல்ல, இதுல இன்னாத்த மேய்க்கிறீங்க?" என்றுதான் கேட்பார்கள். சர்க்கார் கணக்கிலும் அது தரிசு. தரிசாம்! முழங்காலைக்கூட எட்டாத அந்தப் புல்லால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. மானம் பார்த்த நிலத்தில் நெல் ஒரு வருடம் வரும், மறு வருடம் ஏமாற்றும். மாடுகள் ஏமாற்றியதில்லை. காலையில் கறந்த பால் கேனில் ஏறி மெட்ராஸ் ரயிலுக்குப் போய்விடும்.

அந்த வெளிக்கு ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஆடியில் மழை விழுந்ததும் கிழக்குப் பாதியை மூடிவிடுவோம். எல்லை நெடுகக் குச்சி நட்டு வேப்பிலை கட்டுவது என் வீட்டுக்காரர் குடும்பத்து வேலை. அதைத் தாண்டி ஒரு கன்றுக்குட்டி போனாலும் ஊர் கூடிக் கேட்கும். கொழுக்கட்டைப் புல் பூத்து, விதை கொட்டிக் காய்ந்த பிறகு, மாட்டுப் பொங்கல் அன்றுதான் திறப்பு. கோடை முழுக்க மாடுகளுக்கு அந்தப் புல்தான் கதி.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில், ஜீப்பில் வந்தவர்கள் கிழக்குப் பாதியில் கல் நட்டுவிட்டுப் போனார்கள். என்ன ஏது என்று சொல்லவில்லை. கம்பெனி வருகிறது, பொங்கலுக்குள் எல்லாவற்றையும் வளைத்துவிடுவார்கள் என்று டீக்கடையில் பேச்சு கிளம்பியது. சாயங்காலத்துக்குள் ஊரே நம்பிவிட்டது. போய்க் கேட்க மட்டும் ஒருத்தருக்கும் கால் வரவில்லை.

மாமனாரின் தம்பிதான் முதலில் வாயைத் திறந்தார். "எவனோ வந்து மண்ணப் போட்டு மூடப்போறான். அதுக்கு நம்ம மாடாவது துன்னட்டுமே? தொறந்துடலாம்டா."

"இப்பதான் பூவே எடுத்துக்கீது, சின்ன நைனா. இன்னும் வெத உழலியே," என்றார் என் வீட்டுக்காரர்.

"வெத உழுந்து? கம்பெனிக்காரன் வந்து மேயப்போறானா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் ஊர் மாடெல்லாம் உள்ளே இறங்கின. நம் மாடுகளை அவிழ்க்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். "ஊரு மாடு துன்றத நம்ம மாடு பாத்துக்கினு நிக்குமா? சும்மா கெட," என்று அவரும் ஓட்டிக்கொண்டு போனார். அடைமழை நேரம். ஊறிய மண்ணில் குளம்புகள் புதைந்து, புல் வேரோடு வந்தது. அந்த ஒரு மாதம் பால் நுரைத்துக்கொண்டு வந்தது. பாவி ஜனங்கள், அதைப் பார்த்துப் பூரித்துப் போனோம்.

கோடை வந்தது. கம்பெனியும் வரவில்லை, புல்லும் இல்லை. மிதிபட்ட சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அங்கங்கே முளைத்தது வேலிக்காத்தான் முள். மாடுகள் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. எல்லா மாடும் மேற்குப் பாதியிலேயே நெருக்கியடித்ததில் அதுவும் மொட்டையானது. வைக்கோல் தேடி அலைந்தோம். கடைசியில் கூரையைப் பிடுங்கிப் போட்டோம். விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் தரகர்கள் வந்துவிட்டார்கள். மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிப் பசு சினையாக இருந்தது. அதை ஓட்டிக்கொண்டு போனபோது நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த வருடம் அதே ஜீப் வந்தது. கம்பெனிகளுக்கு எடுத்த இடம் ரோட்டுக்கு அந்தப் பக்கமாம். இங்கே நட்டது அளவெடுக்க வைத்த கல், அவ்வளவுதானாம். அதிகாரி நல்ல மனிதர், எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"இந்த இடத்த யாரும் தொடமாட்டாங்கய்யா. நீங்க தாராளமா மாடு மேய்ச்சுக்குங்க."

"சரிங்க சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

ஜீப் போனதும் அவர் தொழுவத்துக்குள் போனார். சாணி வாசனைகூடப் போய்விட்ட இடம் அது. வெகுநேரம் வெளியே வரவில்லை. சோறு ஆறிப்போகிறதே என்று கூப்பிடப் போனேன். கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டேன்.