நாலாவது பல்

அமெரிக்காவில் நெப்ராஸ்கா பக்கத்தில் பழைய மோட்டார் சைக்கிளுக்கு விலை சொல்ல ஆர்வில் ஸ்டக்கியைத்தான் கூப்பிடுவார்கள். அவர் எழுதிக் கொடுத்தால் வாங்குகிறவன் மறுபேச்சுப் பேசமாட்டான். அவருக்கு முன்பல் மூன்று கிடையாது. மூன்றும், சொன்ன விலை பிடிக்காதவர்கள் உடைத்தவை. அதற்காக ஒரு தடவைகூட அவர் விலையை மாற்றியதில்லை. மாற்றினால் அப்புறம் எவன் அவரை நம்புவான்?

அன்றைக்கு டுவெய்ன், லைல் என்ற அண்ணன் தம்பியின் கொட்டகைக்குப் போயிருந்தார். செத்துப்போன அப்பனுடைய 1938 மாடல் வண்டியை விற்று இருவரும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. விலை ஏறட்டும் என்று டுவெய்ன் போன வாரம்தான் அதைச் சுரண்டி, சிவப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தான்.

“பழைய வண்டிக்குக் கம்பெனிப் பெயின்டுதான் மதிப்பு. அதோட விட்டிருந்தா நாப்பதாயிரம் டாலர். இப்பப் பதினெட்டு,” என்றார் ஆர்வில்.

“அழுக்கத்தானேய்யா சுரண்டினேன்!” என்று டுவெய்ன் கத்தி முடிப்பதற்குள் லைல் ஸ்பேனரை எடுத்து அவன் மண்டையில் இறக்கினான்.

“அப்பனே தொடாதத நீ எதுக்குடா தொட்ட, நாயே?”

இருவரும் கட்டிப் புரண்டதில் வண்டி சாய்ந்து தரையில் மோதியது. ரத்தம் வழிய எழுந்த டுவெய்ன், தம்பியை விட்டுவிட்டு ஆர்விலின் சட்டையைப் பிடித்தான்.

“யோவ் பெருசு, நாப்பதுன்னு எழுது. இல்ல, மிச்சப் பல்லும் இருக்காது.”

“பதினெட்டு.”

குத்து விழுந்தது. ஆர்வில் நாலாவது பல்லைத் துப்பிவிட்டு, குனிந்து வண்டியைப் பார்த்தார்.

“டேங்க் நசுங்கிப்போச்சு,” என்றார். “இப்பப் பதினாறு.”