பேண்டு வாத்தியத்தோடு எழுதப் போன பரீட்சை

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. தருமபுரி மாவட்டம் ஏரியூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நாலு தெரு, ஒரு மாதா கோயில், சுற்றிலும் கடலைக்காடும் கேழ்வரகுக்காடும். நான் தருமபுரியில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வரும்வரை உட்கார வைக்கப்பட்டிருந்தேன் என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

அந்த நேரத்தில் வங்கி எழுத்தர் வேலைக்கு விளம்பரம் வந்தது. அதைப் பார்த்து என்னைவிட அதிகமாகத் துடித்தவர் என் அண்ணி. தருமபுரி டவுனில் பிறந்து வளர்ந்தவர். பத்தாவதில் நல்ல மதிப்பெண் வாங்கியும் படிப்பை நிறுத்திவிட்டு, எங்கள் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர். அடுப்படியிலும் களத்துமேட்டிலும் விடாமல் பேசிப் பேசி, அப்பாவிடம் சம்மதம் வாங்கியது அவர்தான். அப்பாவும் லேசில் விட்டுவிடவில்லை.

"ஒரே ஒரு தடவதான். கெடச்சா வேல. கெடைக்கலன்னா தை மாசம் கல்யாணம். அப்பறம் மூக்கால அழக்கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பரீட்சை நாங்கள் அதுவரை பார்த்த பரீட்சை மாதிரி இல்லை. கட்டுரை கிடையாது, மனப்பாடச் செய்யுள் கிடையாது. சரியான விடைக்கு நேராக இருக்கும் வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கேள்விகள்தான் ஆளைச் சுற்றவிட்டன. அண்ணன் வாங்கிவந்து கொடுத்த கைடில் பக்கத்துக்குப் பக்கம் யாராவது உட்கார்ந்துகொண்டே இருந்தார்கள். ஏ-க்கு எதிரே பி, பி-க்கு இடப்பக்கம் சி, டி-யும் ஈ-யும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள், அப்படியென்றால் எஃப் எங்கே? நான் இதைச் சத்தமாகப் படித்தால் அம்மாவுக்கு எரிச்சல் வரும். "அவங்கவங்க எங்கியோ ஒக்காந்து சாப்ட்டுட்டுப் போறாங்க, உனுக்கு என்னாத்துக்கு அந்த வம்பு" என்பார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஆறு பேரையும் பிடிக்கவே இல்லை. மற்ற கணக்கெல்லாம் வந்தது, இது மட்டும் வரவில்லை. ஆங்கில எழுத்துகளைப் பார்த்ததுமே தலை கிறுகிறுக்கும்.

பரீட்சை தருமபுரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறு எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா. ஊரே வருஷம் முழுக்கக் காத்திருக்கும் நாள் அது. வீடு நிறைய விருந்தாளிகள். சனிக்கிழமை இரவு சப்பரம் கிளம்பி, தருமபுரியிலிருந்து வந்த பேண்டு செட்டோடு தெருத் தெருவாக வந்தது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும் என்பதால், சப்பரம் எங்கள் வாசலைத் தாண்டியதும் அண்ணி என்னை இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்துவிட்டார். தூங்கினால்தான் மூளை வேலை செய்யும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். அப்பாவும் அம்மாவும் விருந்தாளிகளைக் கவனிக்க வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அதுதான் வினையாகப் போனது.

எங்கள் ஊரில் கடிகாரம் என்றால் அது கோயில் மணிதான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் மணி அடித்தால் ஊர் எழுந்திருக்கும். அண்ணி சீதனமாகக் கொண்டுவந்த டைம்பீஸ் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. அது எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னே ஓடும். அதைத் தினமும் கோயில் மணி அடிக்கும்போதுதான் திருத்தி வைப்போம்.

அன்றைக்கு மணி அடித்தது. எல்லோரும் எழுந்தோம். டைம்பீஸ் ஆறு காட்டியது. அம்மா அதைப் பார்த்து, "இந்தக் கருமம் ஒரேயடியா கெட்டுப்போச்சு" என்று சொல்லி, முள்ளை ஐந்துக்குத் திருப்பி வைத்தார். நாங்கள் சாவகாசமாகக் குளித்தோம். விருந்துக்கு வந்திருந்த சித்தப்பா வாசலில் நின்று, "இன்னிக்கி என்ன, இம்புட்டு சீக்கிரம் விடிஞ்சிருச்சு" என்று ஆச்சரியப்பட்டார். மாதாவின் திருநாள் இல்லையா, அதனால் இருக்கும் என்று அம்மா பதில் சொன்னார். இதை இப்போது எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சூரியனே நேரில் வந்து சொல்லியும் நாங்கள் மணியைத்தான் நம்பினோம்.

நடந்தது இதுதான். சப்பரம் கோயிலுக்குத் திரும்ப வெகுநேரம் ஆனதால், நாளைக்கு எல்லோரும் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், மணியை ஆறுக்கு அடித்தால் போதும் என்று பங்குச் சாமியார் மைக்கில் அறிவித்திருக்கிறார். ஊரே கேட்டிருக்கிறது. பரீட்சைக்காகச் சீக்கிரம் படுத்த எங்கள் வீடு மட்டும் கேட்கவில்லை.

நானும் அண்ணியும் அப்பாவும் ரோட்டுக்கு வந்தபோது டீக்கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். "பஸ்ஸுங்களா? அது போயி ரொம்ப நேரம் ஆச்சுங்களே" என்றார். அடுத்த பஸ்ஸில் போனால் பரீட்சை தொடங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் தருமபுரி போய்ச் சேர முடியும். தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று ஹால் டிக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

எனக்குத் தை மாதம் கண்முன்னால் நின்றது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். அவரும் பயந்துபோயிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கறாராகப் பேசினாரே தவிர, நான் தோற்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஊருக்குள்ளிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பழைய மெட்டடார் வேன் வந்தது. ராத்திரி வாசித்த பேண்டு செட். சிவப்புச் சட்டையில் மஞ்சள் சரிகை, வேன் கூரைமேல் கட்டிய பெரிய மேளம். அப்பா ஓடிப்போய்க் கையை நீட்டினார். வேன் நின்றது. முன்சீட்டிலிருந்து தலையை நீட்டியவர் பேண்டு மாஸ்டர். நரைத்த தாடி வைத்த பாய். அவரும் கோபத்தில்தான் இருந்தார்.

"ஏங்க, உங்க ஊர்ல அஞ்சு மணின்னா எத்தன மணிங்க? மணி அடிச்சதும் கெளம்பலாம்னு படுத்தோம். ஒம்பது மணிக்கு தருமபுரில மாப்பிள்ள ஊர்வலம் இருக்குதுங்க" என்றார்.

சாமியார் மைக்கில் சொன்னபோது வாத்தியங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்ததால் அவர்கள் காதிலும் அது விழவில்லை; அவர்களையும் அதே மணிதான் கவிழ்த்திருந்தது. அப்பா விஷயத்தைச் சொன்னதும், "ஏறச் சொல்லுங்க, போற வழிதான்" என்றார் பாய். நான் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன். அண்ணி என் பின்னலைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க மாமா. ராத்திரி வாசிச்சாங்க, சரி. யாரு என்னான்னு நமக்குத் தெரியாதுல்ல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பாயிடம் திரும்பினார். "நீங்க தருமபுரில எந்தத் தெருங்க? எந்த மண்டபத்துல கல்யாணம்? உங்கள அங்க யாருக்குத் தெரியும்?"

எனக்கு மானம் போயிற்று. நேரம் ஓடுகிறது, உதவ வந்தவரைப் போலீஸ் மாதிரி கேட்கிறாரே என்று இருந்தது. பாய் கோபித்துக்கொள்ளவில்லை. தெருவைச் சொன்னார், மண்டபத்தைச் சொன்னார். அந்தத் தெருமுனையில் இருந்த தையல்காரரைத் தெரியுமா என்று அண்ணி கேட்டார். "அவருதான் இந்தச் சட்ட தச்சவரு, அளவுதான் சரியில்ல" என்று பாய் இறுக்கமான தன் சட்டையைக் காட்டினார். அண்ணிக்கு அது போதும். அந்தத் தையல்காரர் தைத்த ரவிக்கையை அவரும் போட்டவர்தான். அப்படியும் டீக்கடைப் பலகையில் வேன் நம்பரைச் சுண்ணாம்பால் எழுதச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். விருந்தாளிகளை விட்டு வரமுடியாத அப்பா, வேன் கிளம்பும்போது சிலுவை போட்டுக்கொண்டார்.

டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டை எங்களுக்குக் காலி செய்து கொடுத்தார்கள். எங்களுக்குப் பின்னே எதிரெதிராக இரண்டு பெஞ்சு, அதில் வாத்தியக்காரர்கள். நான் கைடை எடுத்தேன். வேன் குலுக்கிய குலுக்கலில் ஏ, பி, சி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தார்கள். அண்ணி புத்தகத்தைப் பிடுங்கிச் சத்தமாக வாசித்தார். "எதிரெதிரா ரெண்டு பெஞ்சுல ஆறு பேரு ஒக்காந்திருக்காங்க…"

"எங்களயா சொல்றீங்க?" என்றார் பெரிய மேளக்காரர்.

வேனே சிரித்தது. அதோடு விடவில்லை அவர்கள். மேளக்காரர்தான் ஏ என்று முடிவாயிற்று. கிளாரினெட்காரர் பி. டிரம்பெட் ஊதுகிறவர் சி. புத்தகத்தில் சொன்னபடி ஓடுகிற வேனில் எழுந்து இடம் மாறினார்கள். "டி-யும் ஈ-யும் பக்கத்துல ஒக்காரமாட்டாங்க" என்று அண்ணி படித்ததும், ஜால்ரா தட்டுகிறவர் தன் பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, "வாஸ்தவந்தாங்க. இவன் பீடி நாத்தம் தாங்காது" என்று எழுந்துபோனார். எல்லோரும் மாறி உட்கார்ந்து முடித்தபோது, மூலையில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. எஃப் எங்கே என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ நாள் என்னை முறைத்துக்கொண்டிருந்த கணக்கு அது, அப்படி வாயைத் திறந்துகொண்டு எதிரே இருந்தது. பென்னாகரம் தாண்டும்வரை விடாமல் போட்டோம். கடைசியில் வேனுக்குள் யார் எங்கே உட்காருவது என்று நிஜமாகவே சண்டை வந்துவிட்டது.

தருமபுரிக்குள் நுழைந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. நல்ல முகூர்த்த நாள். எங்கே பார்த்தாலும் வாழைமரம், வேன், குதிரைவண்டி. பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத் தெருவிலேயே இரண்டு மண்டபம். தெருமுனைக்குமேல் வேன் ஓர் அடிகூட நகரவில்லை. கேட் மூடக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நாங்கள் இறங்கிப் பார்த்தோம், கூட்டத்தில் நுழையவே வழியில்லை. யாரும் வேண்டுமென்று மறிக்கவில்லை. கல்யாணக் களையில் யாரும் யாரையும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

பாய் தன் தொப்பியை எடுத்து மாட்டினார். "எறங்குங்கடா" என்றார்.

"பாய், நமக்கு மாப்பிள்ள காத்திருக்காருங்க" என்றார் டிரைவர்.

"மாப்பிள்ள எங்கயும் ஓடிர மாட்டாரு. பரீட்ச ஓடிரும்" என்றார் பாய்.

மளமளவென்று இறங்கி, மேளத்தை அவிழ்த்து வரிசை கட்டினார்கள். பெரிய மேளம் ஒரு போடு போட்டது. டிரம்பெட் எழும்பியது. எத்தனை பேரைக் கெஞ்சினாலும் திறக்காத அந்தக் கூட்டம், மாப்பிள்ளை வருகிறார் என்று நினைத்து இரண்டு பக்கமும் ஒதுங்கியது. முன்னால் பேண்டு, பின்னால் கையில் ஹால் டிக்கெட்டோடு நான், என் பின்னல் நுனியைப் பிடித்தபடி அண்ணி. மண்டப வாசலில் நின்ற ஓர் அம்மா எங்களைக் கல்யாண வீட்டார் என்று நினைத்துப் பன்னீர் தெளித்து, சந்தனம் நீட்டி, கற்கண்டையும் கையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல நேரமில்லை. கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு நடந்தேன். கேட்டை மூடப்போன காவலாளி, யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று நினைத்து அதை அகலமாகத் திறந்து வைத்து நிமிர்ந்து நின்றார்.

கேட் அருகில் வந்ததும் பாய் கையை உயர்த்தினார். வாத்தியம் சட்டென்று நின்றது. "உள்ள புள்ளைங்க எழுதுதுங்க" என்று தன் ஆட்களிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "போம்மா. அந்த எஃப்-ப மட்டும் வுட்டுராத" என்றார்.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். பன்னீர் வாசனை பட்டுப் பக்கத்துப் பெஞ்சுப் பையன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கேள்வித்தாளில் அந்த ஆறு பேர் வந்தார்கள். இந்தத் தடவை எனக்குப் பயமே இல்லை. ஏ மேளம் வைத்திருந்தார், பி கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், டி பீடி நாற்றம் என்று நகர்ந்து உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டே கறுப்பாக்கினேன். மேற்பார்வையாளர் வந்து என் தாளையும் முகத்தையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

தேறிவிட்டேன். வேலைக்கான கடிதம் வந்த அன்று அப்பா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, உபதேசியாரிடம் ஒரு பாடு சண்டையும் போட்டுவிட்டு வந்தார். என் கல்யாணம் தை மாதத்தில்தான் நடந்தது, ஆனால் அது எத்தனையோ தை கழித்து, நான் சம்மதித்த மாப்பிள்ளையோடு. எந்த பேண்டு செட் என்று கேட்கவேண்டியதே இல்லை. பாய் சட்டையை மட்டும் பெரிதாகத் தைத்துக்கொண்டு வந்திருந்தார்.

இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் பரீட்சை எழுதுகிறார்கள். திறனறித் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று கேட்டால், ஏ, பி, சி-க்கெல்லாம் தெரிந்தவர்கள் முகத்தை வையுங்கள் என்றும், நேரத்துக்கு ஒரு கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள் என்றும் சொல்கிறேன். மற்றதை அண்ணி பார்த்துக்கொள்கிறார். பரீட்சை இல்லாமலே வேலை, பேரையும் நம்பரையும் கொடுங்கள் என்று போன மாதம் அவர் பேத்தியின் போனில் ஏதோ வந்தது. அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த போனையே விசாரித்தார். "இவன் யாரு, எந்த ஊரு, இவன யாருக்குத் தெரியும்னு கேளுடி. தெரிஞ்சவங்க யாரும் இல்லன்னா வண்டில ஏறாத." பேத்தி கேட்டாள். அந்தப் பக்கமிருந்து பதிலே வரவில்லை. அன்று ரோட்டில் அந்தக் கேள்விகளுக்காக நான் வெட்கப்பட்டேன். ஆனால் நல்லவர்கள் அதற்குக் கோபித்துக்கொள்வதே இல்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். பரீட்சை முடிந்து நான் வெளியே வந்தபோது அண்ணி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, அந்த ஆறு பேர் கணக்கைப் பஸ்ஸில் அவரே போட்டார். சரியாக வந்தது. பத்தாவது படித்தவர்கள் எழுதும் அரசுத் தேர்வு ஒன்று அடுத்து வந்தபோது அவரும் விண்ணப்பித்தார். அவர் எழுதப் போன அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே நின்றது நான். வாசிக்க வாத்தியம் ஒன்றும் இல்லை, ஒரு பொட்டலம் கற்கண்டுதான் கையில் இருந்தது. என் அண்ணி நிமிர்ந்து உள்ளே நடந்ததைப் பார்த்தபோது, எனக்குள் அந்தப் பெரிய மேளம் ஒரு போடு போட்டது. இன்றைக்கும் ஏதாவது ஒரு பெண் பிள்ளை ஹால் டிக்கெட்டோடு ஓடுவதைப் பார்த்தால் அது எனக்குக் கேட்கிறது, வழி விடுங்கள் என்று.